ஜாதி நாயும் ஜாதி மனிதனும்

சுங்கை சோவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும், ரவாங், செரெண்டா, கோலசிலாங்கூர் முதலிய பட்டணங்களிலும் வாழும் நம் மக்கள், விலை கொடுத்து வாங்கும் உயர்ந்த நாயை "ஜாதி நாய்" என்று அழைக்கின்றனர். முற்றத்தில் தானாகவே வந்து சேர்ந்து, மிச்சச் சோற்றைத் தின்று, இரவெல்லாம் விழித்துக் காவல் காக்கும் நாய்க்கோ "நாட்டு நாய்" என்றும் "தெரு நாய்" என்றும் பெயர். மனிதருக்குள் ஜாதி இல்லை என்று மேடையில் முழங்கும் நம்மவரும் நாய்க்குள் ஜாதி பார்க்கச் சிறிதும் கூசுவதில்லை. நாய்க்கு ஜாதி உண்டா? உண்டெனில் அஃது எக்காலத்தில், யாரால் ஏற்பட்டது? அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை? ஒரு குட்டியைப் பணம் கொடுத்து வாங்க விரும்புவோர் எப்படிப்பட்டவரிடம் வாங்குதல் தகும்? இவற்றைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாயைப் பற்றி என்ன சரித்திரம் என்று நகைப்போர், முடிவு வரை படித்துப் பின்னர்த் தீர்ப்புக் கூறுவாராக.

முதற்கண் சொல்லை எடுத்துக்கொள்வோம். "ஜாதி" என்பது வடசொல். பிறப்பு என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் நம் ஜாதியைக் குறிக்க வழங்கும் "காஸ்ட்" என்னும் சொல்லோ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகு இந்தியாவிற்கு வந்த போர்த்துகீசியர், இங்குள்ள மக்கள் ஒருவரோடொருவர் உண்ணாமலும் மணவாமலும் பிரிந்து கிடப்பதைக் கண்டு, அதற்குத் தம் மொழியிலிருந்த "காஸ்தா" என்னும் சொல்லை வழங்கினர். வமிசம் என்றும், விலங்குகளின் இனம் என்றும் அச்சொல்லுக்குப் பொருள். ஆகவே விலங்குக்கு வழங்கிய சொல் மேனாட்டார் வாயிலாக நம் மனிதருக்கு வந்தது. மனிதருக்கு வழங்கிய நம் சொல் இப்பொழுது நாய்க்குப் போயிருக்கிறது. இவ்விரண்டு சொற்களும் இவ்வாறு இடம் மாறிக்கொண்டது தற்செயல் அன்று. பிறப்பே மேன்மைக்குக் காரணம் என்னும் ஒரே எண்ணம் இரண்டிற்கும் அடியில் கிடக்கிறது.

நாயின் சரித்திரம் மிகப் பழமையானது. ஓநாயின் வழிவந்த நாய், மனிதன் பயிரிடக் கற்பதற்கு முன்பே அவனோடு சேர்ந்துவிட்டது. அவ்வுறவு ஏற்பட்டுக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆயின என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். இத்துணை நீண்ட காலத்திலும் மக்கள் நாய்களைத் தொழிலுக்கேற்பவே தேர்ந்து வளர்த்தனர். வேட்டைக்கு விரைந்தோடும் நாயும், ஆட்டு மந்தைக்கு அறிவுள்ள நாயும், காவலுக்கு உரத்த குரலுள்ள நாயும் வேண்டப்பட்டன. ஓடத் தெரிந்த நாயை ஓடத் தெரிந்த நாயோடு சேர்த்தார்களேயன்றி, அதன் பாட்டன் யார், பூட்டன் யார் என்று ஏடு எழுதி வைத்தவர் அரியர்.

ஏடு எழுதும் வழக்கம் தோன்றியது இங்கிலாந்தில். அதுவும் அண்மைக் காலத்தில்தான். 1859ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூகாஸில் நகரில் முதல் நாய்க் காட்சி நடந்தது. அதில் வந்து நின்றவை 60 நாய்களே. அவையும் இரண்டே வகையான வேட்டை நாய்கள். பிறகு காட்சிகள் பெருகின. பரிசு வாங்கிய நாய் எது, அதன் தாய் தந்தை எவை என்பதில் வழக்குகள் எழுந்தன. அவற்றைத் தீர்க்க வேண்டி 1873ஆம் ஆண்டில் லண்டன் நாய்ச் சங்கம், அதாவது கென்னல் கிளப், நிறுவப்பட்டது. 1859 முதல் காட்சிகளில் கலந்துகொண்ட 4,027 நாய்களின் பெயர்கள் அச்சங்கத்தின் முதல் வமிச ஏட்டில் பதிவாயின. இன்று உலகெங்கும் வழங்கும் வமிசப் பத்திரங்களுக்கெல்லாம் இவ்வகை ஏடுகளே மூலம். ஆதிகாலந்தொட்டு வருவது என்று நாம் மயங்கும் "தூய ஜாதி"க்கு வயது இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை.

அந்தத் தூய்மையும் எவ்வாறு உண்டாயிற்று என்று பார்ப்போம். பட்டணங்களில் பெருமையோடு வளர்க்கப்படும் டோபர்மன் நாயை எடுத்துக்கொள்க. ஜெர்மனியில் அப்போல்டா என்னும் ஊரில் வரி தண்டும் உத்தியோகத்திலிருந்த லூயி டோபர்மன் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தமக்குத் துணையாக வர ஒரு முரட்டு நாய் வேண்டுமென்று பலவகை நாய்களைக் கலந்து அதனை உண்டாக்கினார். எந்தெந்த நாய்களைக் கலந்தார் என்பதற்கு அவர் குறிப்பே வைக்கவில்லை. அவர் 1894ஆம் ஆண்டில் இறந்த பிறகும் வேறு இனங்கள் அதில் கலக்கப்பட்டன. கலப்பிலே பிறந்து கலப்பிலே வளர்ந்த அந்நாய், ஏட்டில் ஏறி ஏட்டை மூடியவுடன், கலக்கக் கூடாத தூய ஜாதியாகிவிட்டது.

துரைமார் பங்களாக்களில் நாம் கண்டு அஞ்சிய அல்சேஷன் நாயின் கதையும் இதுவே. ஜெர்மனியின் மேய்ப்பு நாய்களுள் ஒன்றை மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் குதிரைப் படை அதிகாரி 1899ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி, அதற்கு ஹோராண்ட் என்று பெயரிட்டு, ஏட்டில் முதல் எண்ணைக் கொடுத்தார். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனி என்ற பெயரைக் கேட்கவும் பொறாத ஆங்கிலேயர், அந்நாயை அல்சேஷன் என்று வேறு பெயரிட்டழைத்தனர். 1977ஆம் ஆண்டில்தான் லண்டன் சங்கம் ஜெர்மன் மேய்ப்பு நாய் என்னும் பழைய பெயரைத் திரும்ப ஏற்றது. நாய் மாறவில்லை, அதன் இரத்தமும் மாறவில்லை. மனிதனுடைய பகைக்கும் நட்புக்கும் ஏற்ப ஜாதிப் பெயர் மட்டும் மாறியது. ஆயினும் தோட்டத்தில் அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பு பெரிது. பங்களாவில் அல்சேஷன், லயத்தில் நாட்டு நாய். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த தூரமே அவர்தம் நாய்களுக்கிடையிலும் இருந்தது. துரைமார் போய்விட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற அந்தத் தூரத்தை நம்மவர் இப்போது விலை கொடுத்து வாங்குகின்றனர்.

வெள்ளையர் நாய் மட்டுந்தானா ஜாதி நாய், நம் தமிழ்நாட்டில் இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. தென்பாண்டிச் சீமையின் வறண்ட நிலத்தில் முயல் வேட்டைக்குச் சிப்பிப்பாறை, கன்னி முதலிய மெலிந்த நாய்களும், தேனிப் பக்கத்தில் செந்நிறமும் கருமூஞ்சியுமுள்ள கோம்பையும், பால்வண்ண ராஜபாளையமும் வளர்க்கப்பட்டன. வேட்டை குறைந்ததும், மேனாட்டு நாய்களின் மேலிருந்த மோகமும் அவற்றை அருகச் செய்தன. 1980ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு அரசு சென்னை சைதாப்பேட்டையில் இவற்றைக் காக்க ஒரு பண்ணையை ஏற்படுத்தியது. 2005ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளுள் ராஜபாளையமும் ஒன்று. தியடோர் பாஸ்கரன் 2017ஆம் ஆண்டில் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனி நூலே எழுதியுள்ளார். இவையெல்லாம் மகிழத் தக்கவையே.

ஆனால் ராஜபாளையம் நமக்குக் கற்பிக்கும் ஒரு பாடத்தையும் மறைத்தல் ஆகாது. வாங்குவோர் பால்போல் வெளுத்த உடலும் சிவந்த மூக்கும் வேண்டுமென்று கேட்கின்றனர். விற்போரும் அவ்வாறே வெள்ளையை வெள்ளையோடு சேர்த்து வருகின்றனர். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்செவியிலும் இருந்து கேட்கும் தொழிலுக்குத் துணை செய்கின்றன. நிறத்தை அடியோடு ஒழித்தால் செவியும் சிலவற்றில் ஒழிகிறது. ஆதலால் இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்த நாய், நிறத்தின்மேல் மனிதன் கொண்ட மோகத்தால் தன் செவியை இழக்கிறது. மணப்பெண் தேடும்போதும் வெளுப்பையே தேடும் நம் சமூகத்திற்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இனம் பெருக்கும் கலை நம் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வியாபாரப் பயிராக நட்டார். இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களுக்கெல்லாம் அதுவே முதல். அக்காலத்துச் செம்பனைகள் 1848ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கே மரங்களின் சந்ததி. அவை தடித்த ஓட்டையுடைய "டூரா" வகை. ஓடே இல்லாத "பிசிஃபெரா" வகையோ பெரும்பாலும் காய்ப்பதில்லை. இவ்விரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த எண்ணெயும் உடைய "தெனெரா" பிறக்கிறது. இன்று நம் தோட்டங்களில் குலை தள்ளி நிற்பது இக்கலப்பு மரமே. இதன் தாய் எது, தந்தை எது என்று ஆராய்ச்சி நிலையத்தார் கவனமாகப் பதிந்து வைக்கின்றனர். அப்பதிவு எதற்கு? நல்ல கலப்பைச் செய்வதற்கும், நோயை விலக்குவதற்கும் அன்றோ! பதிவு செய்தல் அறிவுடைமை. பதிவேட்டிற்கு வெளியே உள்ள எதனோடும் சேரக் கூடாதென்று கதவை அடைத்தல் வேறு விஷயம். நாய்ச் சங்கங்கள் முன்னதைச் செய்யப் புகுந்து பின்னதிலும் வீழ்ந்தன.

அதன் பயனைக் கணக்காகவே காட்டலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் அந்நாட்டு நாய்ச் சங்கத்தின் ஏடுகளைக்கொண்டு பத்து இனங்களை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மூன்று இனங்கள் நீங்கலாக மற்றவற்றில், ஆறே தலைமுறைக்குள், அரிதாக இருந்த மரபுக் கூறுகளில் 100க்கு 90க்கு மேல் அழிந்துவிட்டன என்று கண்டனர். பரிசு பெற்ற ஒரு கடுவனையே எல்லாரும் நாடுவதாலும், தகப்பனோடு மகளையும் உடன்பிறந்தவற்றையும் சேர்ப்பதாலும் வந்த கேடு இது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஒலிபரப்புக் கழகம் காட்டிய ஒரு படத்தால் பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். அதன் பின்னரே, அத்தகைய நெருங்கிய சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை என்று லண்டன் சங்கம் விதி செய்தது.

டால்மேஷியன் என்னும் புள்ளி நாயின் கதை இன்னும் தெளிவானது. அவ்வினத்து நாய்கள் அனைத்திற்கும் ஒரு பிறவிக் குறை உண்டு. சிறுநீரில் உப்பு மிகுந்து கல்லாகி அடைத்துக்கொள்ளும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க மரபியல் அறிஞர் ராபர்ட் ஷைபிள், அவ்வினத்தோடு பாயிண்டர் இன நாய் ஒன்றை ஒரே ஒருமுறை கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து வந்தார். புள்ளியும் வடிவும் மாறாமல், அக்குறை மட்டும் நீங்கிய நாய்கள் பிறந்தன. நோயை ஒழித்தவருக்கு மாலை சூட்ட வேண்டியது நியாயம். ஆனால் இரத்தம் கலந்துவிட்டது என்று இனப் பற்றாளர் கூச்சலிட்டனர். லண்டன் சங்கம் 2010ஆம் ஆண்டிலும் அமெரிக்கச் சங்கம் 2011ஆம் ஆண்டிலுந்தான் அவற்றிற்குக் கதவைத் திறந்தன. நாய்கள் கல்லடைப்பால் துடித்தாலும் ஜாதி கெடக் கூடாது என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தடுத்த அம்மனப்பான்மையை நாம் வேறெங்கும் கண்டதில்லையா?

கண்டிருக்கிறோம். மனித ஜாதியும் இரத்தத் தூய்மையைக் காக்க ஏற்பட்ட ஏற்பாடே என்று வாதித்தோர் உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் லாகூர் மாநாட்டிற்காக எழுதி, மாநாட்டார் பின்வாங்கியதால் பேச இயலாமற்போய், தாமே நூலாக வெளியிட்ட "ஜாதி ஒழிப்பு" என்னும் உரையில் இவ்வாதத்தை எடுத்து உடைத்தார். ஜாதி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்திய மக்கள் கலந்துவிட்டனர் என்றும், பஞ்சாபுப் பார்ப்பனருக்கும் சென்னைப் பார்ப்பனருக்கும் இன ஒற்றுமை எதுவும் இல்லை என்றும் அவர் காட்டினார். நாய் இனங்களோ மனிதன் வேண்டுமென்றே பிரித்துப் படைத்தவை. அவற்றின் வேறுபாடு உடலில் தெரிகிறது. மனித ஜாதிக்கு அதுவும் இல்லை. வேறுபாடு உள்ள நாயினத்திலேயே தூய்மை என்னும் பித்து நோயைத் தருகிறதென்றால், வேறுபாடே இல்லாத மனிதரிடம் அதனைத் தேடுவோரின் அறிவை என்னென்பது?

அங்ஙனமாயின் இன நாயே வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். நாம் அவ்வாறு கூறவில்லை. காவலுக்கோ துணைக்கோ, இன்ன அளவு வளரும், இன்ன குணம் உடையது என்று முன்னரே அறிந்து வாங்க விரும்புதல் குற்றமாகாது. யாரிடம் வாங்குகிறோம் என்பதே கேள்வி. குட்டிகளைப் பெட்டியிலடைத்துச் சந்தையிலும் கடையிலும் விற்பவனிடம் தாயைக் காட்டு என்று கேட்டுப் பாருங்கள்; காட்டமாட்டான். எங்கோ ஒரு கூண்டில், வெயிலும் புல்லும் அறியாமல், ஈற்றுக்கு மேல் ஈற்றாக ஈன்று, எலும்பும் தோலுமாக அத்தாய் கிடப்பதுண்டு. நாம் கொடுக்கும் பணம் அக்கூண்டிற்குப் பூட்டாகிறது.

பொறுப்புள்ள வளர்ப்பாளரின் இலட்சணங்கள் சில உண்டு. அவர் தாயையும், இயன்றால் தந்தையையும், அவை வாழும் இடத்தையும் கூசாமல் காட்டுவார். அவ்வினத்தில் வரக்கூடிய நோய் இன்னதென்று தாமே சொல்வார். அல்சேஷனாயின் இடுப்பு மூட்டின் எக்ஸ்ரேயும், வெள்ளை நாயாயின் செவிச் சோதனையும் செய்து சான்று காட்டுவார். வமிசப் பத்திரம் கொடுப்பார். ஆனால் பத்திரத்தில் ஒரே பெயர் இரு புறத்திலும் திரும்பத் திரும்ப வந்தால் அது பெருமையன்று, எச்சரிக்கை என்பதை வாங்குவோர் அறிதல் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை அவர் தாயினின்றும் பிரிக்கமாட்டார். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர் இருவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி தன் இனத்தோடும் மனிதரோடும் பழகக் கற்கும் பருவம் என்று நிறுவினர். அதில் முற்பாதி தாயிடமும் பிற்பாதி நம்மிடமும் கழிதல் நன்று. 1978ஆம் ஆண்டில் உலகில் புதிதாய்க் காணப்பட்டுக் குட்டிகளைக் கொள்ளைகொள்ளும் பார்வோ என்னும் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி தொடங்கிய அட்டையையும் அவர் உடன் தருவார். எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் நம்மைக் கேள்வி கேட்பார்: வீட்டில் இடம் உண்டா, பகலில் யார் இருப்பார், மாதச் செலவுக்கு வழி உண்டா என்பார். வளர்க்க இயலாவிடில் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்பார். பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு வாய் திறவாதவன் வளர்ப்பாளன் அல்லன், வியாபாரி.

சட்டமும் ஓரளவு விழித்துள்ளது. இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், எட்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டியை விற்றலாகாது என்றும், ஒரு பெட்டை தன் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனவைக்கப்படலாகாது என்றும் கூறுகின்றன. மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017இல் அமலுக்கு வந்தது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது வழி செய்கிறது. ஆனால் சட்டம் எல்லாக் கூண்டையும் எட்டிப் பார்க்காது. வாங்குவோர் எட்டிப் பார்த்தால் கூண்டு தானே ஒழியும்.

நம் நாட்டு வெப்பத்தையும் எண்ண வேண்டும். நாய்க்கு உடல் முழுதும் வேர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. புல்டாக், பக் முதலிய சப்பை மூக்கு நாய்களின் மூச்சுக்குழலை மனிதன் அழகென்று கருதிச் சுருக்கிவிட்டான். குளிர்நாட்டிலேயே மூச்சுத் திணறும் அவை இவ்வெயிலில் படும் பாடு சொல்லத் தரமன்று. புல்டாக் ஈற்றுகளில் 100க்கு 80க்கு மேல் வயிற்றைக் கிழித்தே எடுக்கப்பட்டன என்று 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. தானாக ஈனவும் இயலாத பிராணியைப் படைத்து, அதனை உயர்ந்த ஜாதி என்று விலை கூறுகிறோம்.

மறுபுறத்தில், இம்மண்ணின் நாயைப் பாருங்கள். தெலோம் ஆற்றுப் பக்கத்து ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்களை ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டு வியந்து, 1963ஆம் ஆண்டில் ஒரு ஜோடியைத் தம் நாட்டிற்குக் கொண்டுபோனார். மேற்கூறிய ஸ்காட்டின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்த அவற்றிற்குத் "தெலோமியன்" என்று பெயர் வந்தது. காட்டில் இருந்தவரை வெறும் நாய். கப்பலேறிப் பெயர் பெற்றதும் இனம்! நம் லயங்களில் வாலாட்டி நிற்கும் நாட்டு நாய்க்கு அப்பெயரும் கிட்டவில்லை. ஆயினும் வெயில் தாங்கும் உடலும், தானாக ஈனும் வலிமையும், வீட்டாரை அறியும் அறிவும் அதற்கு உண்டு. கைவிடப்பட்ட குட்டி ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, கருத்தடை செய்து, நகராட்சியில் லைசென்ஸ் எடுத்து வளர்ப்பவன், ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டியவனுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவன் ஆகான்.

நாயைப் பைரவரின் வாகனமென்று வணங்கும் அதே வாயால் எளியவனை "நாயே" என்று ஏசும் சமூகம் நம்முடையது. நாயையும் மனிதனையும் ஒருங்கே இழிவு செய்யும் இவ்வழக்கம் ஒழிய வேண்டும். குட்டி வாங்கப் போகும் தோழர்கள் இனிமேல் "என்ன ஜாதி?" என்று கேட்பதை விட்டு, "தாய் எங்கே? நலமாக இருக்கிறதா?" என்று கேட்பார்களாக. அக்கேள்விக்கு விடை தரவல்லவரிடம் மட்டுமே பணத்தைக் கொடுப்பார்களாக. விடை கிடையாவிடில் வெறுங்கையோடு திரும்பி வருவார்களாக. வரும் வழியில், லயத்து ஓரத்திலே நனைந்து நிற்கும் ஒரு குட்டி அவர்கள் கண்ணில் படாமலா போகும்?